பூஜையில் இருந்த கம்ப்யூட்டரும் அக்காவின் மெயிலும்

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தவள் நான்தான். மானிட்டரின் தலைப்பக்கம் ஒரு பொட்டு, பெட்டிக்கு ஒரு பொட்டு, கீபோர்டில் எழுத்து மறையாமல் ஓரமாக ஒன்று. குங்குமக் கிண்ணத்தோடு அம்மா பின்னாலேயே வந்தாள். அப்பாவின் ஸ்பேனர்கள், அரிவாள்மனை, என் புத்தகங்கள் எல்லாம் ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்க, கம்ப்யூட்டரை மட்டும் மேஜையை விட்டு நகர்த்த முடியாததால் அங்கேயே வைத்து, அம்மா தன் பழைய பட்டுச் சேலையால் மூடினாள். கற்பூரம் காட்டி முடித்ததும் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

“நாளைக்குக் காலையில பூஜை போட்டு எடுக்கற வரைக்கும் யாராச்சும் இதுல கை வெச்சீங்க, அப்பறம் இருக்குது.”

சரஸ்வதி பூஜை அன்று புத்தகம் தொடக்கூடாது, கருவி தொடக்கூடாது. எங்கள் வீட்டில் இதில் விளையாட்டே கிடையாது. அப்பா இங்கே மராத்தி நாட்டில், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆயுத பூஜையை மதிக்காத கைக்கு மெஷின் மரியாதை தராது என்பார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அண்ணன் வாங்கிப் போட்டது. ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்ததும் அவன் செய்த முதல் காரியம் அது. டெலிபோன் ஒயரைக் கழற்றி அதன் மோடம் பெட்டியில் மாட்டி நெட் போட வேண்டும். கீ கீ என்று அது கத்துகிற கத்தலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கே தெரிந்துவிடும், நாங்கள் நெட் போடுகிறோம் என்று. அண்ணன் எனக்கும் அக்காவுக்கும் தனித்தனி சைட்டில் ஆளுக்கொரு மெயில் திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டு போடும் இடத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ‘இந்தக் கம்ப்யூட்டரில் என்னை நினைவில் வை’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும்.

“இதுல ஒரு டிக் போட்டுடுங்க. சும்மா சும்மா பாஸ்வேர்டு அடிக்க வேணாம். நம்ம வீடுதானே?” என்றான்.

நம்ம வீடுதானே! காலையில் திறந்த வாசல் கதவை ராத்திரி படுக்கும்போது மட்டும் சாத்துகிற குவார்ட்டர்ஸ்காரர்கள் நாங்கள். எல்லோரும் டிக் போட்டோம். அக்காவும் போட்டாள்.

அக்கா அப்போது எங்களோடு இருந்தாள். பக்கத்து ஊர் சிஞ்ச்வடில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரே ஒரு பையோடு திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் புருஷன், எங்கள் மாமா, அடித்தாரா என்றால், இல்லை. குடிப்பாரா என்றால், அதுவும் இல்லை. அதனால்தான் அவள் சொன்னது வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த வேலையை விடவைத்தது அவர்தான். விட்டதாகப் போய்ச் சொன்னதுகூட அவரேதான். அவளுக்கு போன் வந்தால் அவர் எடுத்து அவளுக்கு உடம்பு சரியில்லை என்பார். அவர்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் ஒரு பெண் அவளிடம் பேச்சுக் கொடுத்தால், பக்கத்தில் நின்று அவர் பதில் சொல்வார். “அந்த வீட்டுல என் வாயி எதுக்கு இருக்குதுன்னே எனக்குத் தெரியலடி” என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

ஆனால் அப்பா முடிவு பண்ணிவிட்டார். விஜயதசமி நல்ல நாள், மாப்பிள்ளை வந்து சாப்பிட்டுவிட்டு அழைத்துக்கொண்டு போகட்டும். அம்மா அதற்கு ஒத்துப் பாடினாள். அண்ணனும், “ரெண்டு பேரும் பேசிக்கினா எல்லாம் சரியாப் போயிடும்” என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தட்டில் அன்று குழம்பே ஊற்றவில்லை.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அக்கா நெட்டில் பார்த்து ஒரு வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். நீலகிரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி, கணக்கு டீச்சர், தங்க இடமும் தருவார்கள். பூஜை லீவு முடிந்த வாரத்தில் நேர்முகத் தேர்வு, வர முடியுமா என்று மெயில் வந்தது. வருகிறேன் என்று சனிக்கிழமையே பதில் போட்டுவிட்டாள். எடுத்துக்கொண்டால் அப்படியே அங்கேயே இருந்துவிடுவது என்பதுதான் எண்ணம். முன்கூட்டி வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாளே சிஞ்ச்வடுக்கு ஏற்றிவிடுவார்கள். அவள் பிழைப்பே அந்த ஒரு மெயிலில் இருந்தது.

பூஜை முடிந்து வடைக்கு மாவு அரைக்கும்போதுதான் எனக்குத் திக்கென்றது. சிவாஜிநகரில் நான் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே மேடம் குக்கீ என்று ஒன்றைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாம் ஒரு வெப்சைட்டுக்குப் போனால் அது நம் கம்ப்யூட்டரில் ஒரு சின்னச் சீட்டு எழுதி வைத்துவிடும். அடுத்த தடவை போகும்போது அந்தச் சீட்டைப் பார்த்து, ‘ஓ, நீங்களா, வாங்க’ என்று கதவைத் திறந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நாமா வேறு ஆளா என்று அதற்குக் கண் தெரியாது. நானாக வெளியே வருகிறேன் என்று சைன் அவுட் கொடுக்க வேண்டும், இல்லை சீட்டைக் கிழித்துப் போட வேண்டும்.

“அக்கா, மெயில் பாத்து முடிச்சதும் சைன் அவுட் குடுப்பியா?”

“மூடிட்டுத்தானேடி வருவேன்.”

“எப்படி மூடுவ?”

“மேல மூலையில பெருக்கல் குறி இருக்குதுல்ல, அதை அமுக்குவேன்.”

கணக்கு டீச்சர் இல்லையா! பெருக்கல் குறியை அமுக்கினால் ஜன்னல்தான் மூடும், கதவு பூட்டாது என்று மெதுவாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. மறுநாள் பூஜை போட்டு எடுத்ததும், வீட்டில் ஒவ்வொருவரும் அவரவர் கருவியை ஒரு தடவை தொட்டுத் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டரில் முதலில் யார் உட்கார வேண்டும் என்பதையும் அம்மா அன்று காலையே அறிவித்திருந்தாள்.

“மாப்பிள்ளை காலையிலயே வந்துடறேன்னு சொல்லிக்கிறாரு. அவரு கையாலயே ஆரம்பிக்கட்டும்.”

மதியம் அம்மா குவார்ட்டர்ஸ் மூன்றாவது லைனில் கொலு வைத்திருந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போனாள். அப்பா உள்ளறையில் தூங்கினார். அண்ணனுக்கு அன்று ஆபீஸ், கம்பெனி வண்டி காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சேலையை எடுத்தேன். மனசுக்குள், தாயே, உனக்கே தெரியும், நீயும் பொம்பளதான் என்று சொல்லிக்கொண்டேன். மோடம் கத்தாமல் இருக்க அதன்மேல் தலையணையை அமுக்கி, அதன்மேல் நான் கவிழ்ந்து படுத்தேன். அப்படியும் கீ என்றது. உள்ளறையில் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

மெயில் தானாகத் திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புது மெயில் வந்திருந்தது. அக்கா அதைத் திறந்து படித்தாள், திரும்பவும் படித்தாள், பிறகு நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் படித்தேன். ‘தங்களுக்கு விருப்பமில்லை என்று எழுதியதற்கு வருந்துகிறோம், லீவு முடிந்து பள்ளி திறந்ததும் அடுத்தவரை அழைக்கிறோம்’ என்று மரியாதையாக இருந்தது. அதற்குக் கீழே, அக்கா எழுதியதாக ஒரு மெயில். குடும்பச் சூழ்நிலையால் எனக்கு இந்த வேலையில் விருப்பமில்லை, இனி எனக்கு எழுத வேண்டாம். அக்காவின் பெயரில், அக்காவின் முகவரியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிருந்தது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே பெரிய எழுத்து. இங்கிலீஷில் சின்ன எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி.

“உங்க மாமா எழுதினது” என்றாள் அக்கா.

அவர் சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தார். பார்சல் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் எழுதி எழுதி, வீட்டில் எதை எழுதினாலும் அவருக்கு அப்படித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேச வந்தவர், அப்பா சாப்பிட்டுப் படுத்ததும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறேன் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நெட் போட்டுக் கொடுத்ததும், டீ கொண்டுபோய் வைத்ததும் நான்தான். சர்க்கரை போதுமா மாமா என்று வேறு கேட்டேன். பாவி மனுஷன், போதும்மா என்றார். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதே அப்பாவை எழுப்பிக் காட்டுகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாயை மூடு. மொதல்ல நான் பதில் எழுதணும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள போயிடணும். மத்ததெல்லாம் அப்பறம்.”

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். இரண்டு வரிகூட ஆகியிருக்காது. வாசலில் அம்மாவின் குரல் கேட்டது, யாரிடமோ மராத்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் நான் ஒயரைப் பிடுங்கினேன். எழுதின இரண்டு வரியும் போனது. அந்த அவசரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். வகுப்பில் காட்டிக்கொடுத்த மாதிரி செட்டிங்ஸுக்குப் போய், குக்கீகளை அழி என்கிற பட்டனை அமுக்கினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்தான், போ! சேலையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தபோது அம்மா மஞ்சள் குங்குமத்தோடு உள்ளே வந்தாள்.

“இன்னாடி ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?”

“ஒண்ணுமில்லமா, வடை எண்ணெ வாடையில தல வலிக்குது” என்றேன்.

அதன்பிறகு வீட்டில் ஆள் இல்லாத நேரமே கிடைக்கவில்லை. மறுநாள் காலை மாமா ஜிலேபிப் பெட்டியோடு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அக்காவைப் பார்த்து, “என்ன, துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சா?” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், “வெச்சிருப்பா, வெச்சிருப்பா” என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன்.

அம்மா கற்பூரம் காட்டிச் சேலையை எடுத்தாள். அண்ணன் நெட்டை இணைத்தான். மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் எல்லாம் சரியாக வருகிறதா பார்க்கிறேன் என்று அவன் தன் சைட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். கிரிக்கெட் சைட் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. ரயில் டிக்கெட் சைட் கேட்டது. ஷேர் மார்க்கெட் சைட் கேட்டது. அவனுக்கு ஒன்றின் பாஸ்வேர்டும் ஞாபகமில்லை. தினமும் தானாகத் திறந்தவை அத்தனையும், நீ யாரப்பா என்று கேட்டுக்கொண்டு நின்றன.

“அரே! யாரு குக்கீயெல்லாம் அழிச்சது?”

 ஒரு சீட்டை மட்டும் கிழிக்கலாம், அந்தச் சைட்டின் பெயரைப் பார்த்து அதை மட்டும் எடுக்கலாம் என்பதெல்லாம் நான் பிற்பாடு கற்றுக்கொண்டது. அன்றைக்கு நான் செய்தது, ஒரு கோலப்புள்ளியை அழிக்கப் போய்த் தெருவையே கழுவிவிட்ட வேலை. எதுவும் நடக்காத மாதிரி விட்டுவிட்டு வந்ததாக நினைத்தேன். கம்ப்யூட்டர் காலியாக இருந்ததே என்னைக் காட்டிக்கொடுத்தது.

“பூஜையில இருந்ததைத் தொட்டியாடி?” என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற இன்னொரு ஆள் நான்தானே. “பதில் சொல்லு! நல்ல நாளு அதுவுமா இன்னா வேலை பண்ணி வெச்சிக்கிற?”

“ஆமா, தொட்டேன்” என்றேன்.

“எதுக்கு?” என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயம்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை லேசாக அசைத்தாள், சொல்லாதே என்று.  அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, நாங்கள் காக்கு என்று கூப்பிடுகிறவர், வாசலில் வந்து நின்றார். தசராவுக்கு இங்கே மந்தார இலை மாதிரி ஓர் இலையைத் தங்கம் என்று சொல்லி வீடு வீடாகக் கொடுப்பார்கள். “சோனம் க்யா, சோன்யாசார்க்கே ராஹா” என்று ஆளுக்கொன்று கையில் வைத்தார். தங்கத்தை வாங்கிக்கொள், தங்கமாக இரு என்று அர்த்தம். இலையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அசடு வழியச் சிரித்தோம். அவர் போனதும் சிரிப்பும் போனது.

மாமா மட்டும் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மச்சான், இதை அழிச்சிட்டா எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு கேக்குமா?”

“கேக்கும் மாமா.”

“அப்போ இவ மெயிலுகூட இனிமே தானாத் தொறக்காதா?”

அண்ணன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நிறுத்தினான். நாற்காலியை மெதுவாகத் திருப்பினான்.

“அக்காவுக்கு மெயில் இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது மாமா? அவ இங்க வந்தப்பறம்தானே நான் தொறந்து குடுத்தேன்.”

மாமா சிரித்தார். “இதென்ன பெரிய ரகசியமா? வீட்டுல யாராச்சும் சொல்லியிருப்பீங்க.”

“நான் சொல்லல” என்றேன்.

“எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை” என்றாள் அம்மா, பாவம், உண்மையாகவே.

“தானாத் தொறக்கும்னு எப்படித் தெரியும்?” அண்ணனின் குரல் மாறியிருந்தது. “தொறந்து பாத்தவங்களுக்குத்தானே அது தெரியும்?”

அக்கா எழுந்து வந்தாள். அண்ணன் தானாகவே நாற்காலியை விட்டான். எல்லோரும் பார்த்திருக்க அவள் தன் முகவரியை அடித்தாள், பாஸ்வேர்டு அடித்தாள். ஒரு விரல், ஒரு எழுத்து, பிறகு அடுத்த எழுத்து. அந்த நினைவில் வைக்கும் கட்டத்தில் டிக் போடாமல் தாண்டிப் போனாள். பள்ளிக்கூடத்து மெயிலைத் திறந்து கீழே இழுத்தாள்.

“தம்பி, இதை அப்பாவுக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டு.”

அண்ணன் படித்தான். எனக்கு விருப்பமில்லை என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் படித்தான். பெரிய எழுத்து எல்லாவற்றையும் அவனும் பார்த்துவிட்டான். அவனுக்கு அக்கா கல்யாணத்தில் மாமா இதே மாதிரி எழுதிக் கொடுத்த சீர்வரிசைப் பட்டியல் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“யாரு எழுதினது இது?” என்றார் அப்பா.

“ஞாயித்துக்கெழமை மதியம்” என்றேன் நான். இனிமேல் யார் தடுத்தாலும் நான் நிற்பதாக இல்லை. “அண்ணன் அன்னிக்கும் ஆபீஸ்ல. நீ இந்தக் கட்டில்ல படுத்திருந்த. இவரு இந்த நாற்காலியில. நான் இவருக்கு டீ போட்டுக் குடுத்தேன்பா!”

மாமா விபூதியைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் மாமா. தனியா அவ்ளோ தூரம் போயி என்ன பண்ணுவா? அவளுக்கே அதுல இஷ்டமில்ல, கேட்டுப் பாருங்க.”

யாரும் அக்காவைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் எல்லோர் முன்னாலும் பள்ளிக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மெயிலை நான் எழுதவில்லை. என் அனுமதி இல்லாமல் வேறொருவர் எழுதியது. நான் கட்டாயம் வருகிறேன். நெட் ஆமை வேகத்தில் போயிற்று. அனுப்பியாகிவிட்டது என்று ஸ்க்ரீனில் வரும் வரை ஐந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வந்ததும் அவள் சைன் அவுட் கொடுத்தாள். பிறகுதான் பெருக்கல் குறியை அமுக்கினாள்.

அப்பா ஜமுக்காளத்தில் இருந்த தன் ஸ்பேனரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தார்.

“மாப்பிள்ளை, இலை போடச் சொல்றேன். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. அவ வரமாட்டா.”

மாமா அம்மாவைப் பார்த்தார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று புலம்பக்கூடியவள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் சாப்பிடவில்லை. செருப்பு மாட்டும்போது அவர் என்னவோ சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அக்காவை எடுத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். நடுவில் வழக்கும் வாய்தாவும், சொந்தக்காரர்கள் பேச்சும் என்று பட்டது கொஞ்சமில்லை. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அன்று மதியம்தான். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா நிமிரவே இல்லை. எனக்கும் ஒரு வாய் இறங்கவில்லை. அக்கா மட்டும் சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம் சோறு கேட்டு வாங்கி, வடையைப் பாயசத்தில் முக்கித் தின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் மோர் ஊத்துமா” என்றாள்.